மோல்டிங் போட்ட மாப்பிள்ளை

என்னைப் பார்த்தால் அறுபத்து மூன்று வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எழுபத்தைந்து என்பார்கள். பேருந்தில் என்னைவிட மூத்தவர்கள் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். நானும் கூச்சப்படாமல் உட்கார்ந்துகொள்கிறேன். இந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் நாமக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் விலங்கியல் நடத்தினேன். அதிலும் எனக்கென்றே ஒதுக்கிய பாடம், 'உடம்புக்கு ஏன் வயதாகிறது'. பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்ட வேண்டிய தேவையே இருக்காது. நான் உள்ளே நுழைந்ததும் பாடம் ஆரம்பமாகிவிடும்.

போன மாதம் கவிதா கூப்பிட்டாள். என் மாணவி, இப்போது அதே துறையில் உதவிப் பேராசிரியர்.

"சார், உங்க பாடத்தையே மாத்திட்டாங்க. பழைய கொள்கை எல்லாத்தையும் ஒரே பக்கத்துல சுருக்கிட்டு, மீதி பூராவும் குரோமோசோம் நுனி, ஜீன் கடிகாரம்னு வந்துடுச்சு. துறை மலருக்கு நீங்க ஒரு கட்டுரை எழுதித் தரணும்."

"எதைப் பத்தி?"

"பழைய கொள்கையெல்லாம் எப்படி நடத்துனீங்கன்னு. அப்புறம், அந்த மோல்டிங் கதை."

"அதை யார் உனக்குச் சொன்னது?"

"அக்காதான் சார்."

அக்கா என்பது என் மனைவி தங்கமணி. என் வீட்டில் ரகசியத்தின் ஆயுள் ஈசலின் ஆயுள். சரி, வெளியே போனது போகட்டும், சரியாகவாவது போகட்டும் என்று நானே எழுதுகிறேன்.

ஆத்தூர்க்காரன் நான். பெயர் குழந்தைவேலு. அந்தப் பெயரோடு இருபத்தைந்து வயதிலேயே தலை நரைக்க ஆரம்பித்தவனின் துன்பத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. தாவரவியலில் இடம் கிடைக்காததால் விலங்கியல் படித்தேன். வேறு எங்கும் வேலை கிடைக்காததால் நாமக்கல்லுக்கு வந்தேன். என் கல்விப் பயணம் அவ்வளவுதான்.

துறைத் தலைவர் வைத்தியலிங்கம் சார். அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரே நிதானமாகத்தான் எல்லாம் செய்வார்.

முதுமைக்குச் சொல்லப்பட்ட பழைய கொள்கைகளில் ஒன்று, வாழ்க்கையின் வேகம் பற்றியது. எலியின் இதயம் படபடவென்று அடிக்கிறது, சீக்கிரம் செத்துப்போகிறது. யானையின் இதயம் மெதுவாக அடிக்கிறது, நெடுங்காலம் வாழ்கிறது. மொத்தத் துடிப்பைக் கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்பார்கள். இந்தக் கொள்கையில் ஓட்டைகள் உண்டு. கிளியைக் கேட்டால் தெரியும். படபடப்பும் உண்டு, ஆயுளும் உண்டு. மற்றவர்கள் இதைப் பாடமாகப் படித்துவிட்டு மறந்துவிட்டார்கள். வைத்தியலிங்கம் சார் இதைக் கேட்ட நாளிலிருந்து தன் இதயத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கத் தொடங்கிவிட்டார்.

மாடிப்படி ஏற மாட்டார். அதனால் துறையே தரைத்தளத்துக்கு இறங்கி வந்தது. பேருந்துக்கு ஓட மாட்டார். அடுத்த பேருந்தில் போவார், அதிலும் கூட்டமிருந்தால் அதற்கடுத்ததில். பேசும்போது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு டீ குடித்துவிடலாம். இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்தபடியேதான் நிற்பார். புதிதாய் வந்தவர்கள் பணிவு என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் நாடி பார்த்துக்கொண்டிருப்பார்.

முக்கியமான விஷயம், அவர் கோபப்பட மாட்டார். கோபம் பெருஞ்செலவு. ஆனால் துறை நடத்துகிறவருக்குக் கோபம் தேவைப்படும் அல்லவா? அதற்கு ஆள் வைத்திருந்தார். நான்தான்.

நான் சேர்ந்த முதல் வாரம். தவளைத் தொட்டியைத் திறந்துபோட்டுவிட்டான் ஒரு பையன். வராந்தா முழுக்கத் தவளை. சார் நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"குழந்தை, இந்தப் பையனைப் பார்த்தா... எனக்குக் கோபம் வரணும். நீ கொஞ்சம்... படேன்."

"சார்?"

"எனக்குப் பதிலாத்தான். மேசையைக் கூடத் தட்டலாம்."

தட்டினேன். கத்தினேன். என் கழுத்து நரம்பு புடைத்ததை அவர் திருப்தியோடு பார்த்தார். "போதும், போதும். இதுக்கு மேல... எனக்கே வராது" என்றார். அதன்பின் அவருக்காக முதல்வரிடம் சண்டை போட்டது, கிரிக்கெட் பார்த்துவிட்டு வந்து முடிவை மட்டும் படபடப்பில்லாமல் சொன்னது, அவர் பெரியப்பா சாவில் அழுதது எல்லாம் நான்தான். பெரியப்பாவுக்கு நான் அழுத அழுகையைப் பார்த்து, ஊரார் என்னைச் சொத்தில் பங்கு கேட்க வந்தவன் என்று நினைத்துவிட்டார்கள்.

இப்படி எல்லோருக்காகவும் என் இதயம் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், எனக்காக அடிக்க ஒரு வாய்ப்பும் அமையவில்லை. முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. முதல் இடத்தில் தரகர் நடேசனோடு நான் போய் உட்கார்ந்ததும், பெண்ணின் அம்மா பத்து நிமிடம் உபசரித்துவிட்டு, "மாப்பிள்ளை பின்னால வாராருங்களா?" என்று வாசலை எட்டிப் பார்த்தார். இரண்டாவது இடத்தில் பெண்ணே என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டது. மூன்றாவதைச் சொல்ல மாட்டேன்.

நரைக்கு மை பூசலாமே என்பீர்கள். பூசினேன். முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, கண் திறக்க மூன்று நாளானது. எனக்குச் சாயம் ஆகாது.

நான்காவதாகப் பரமத்தி வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. கோழிப்பண்ணை வைத்திருக்கும் குடும்பம். பெண் பட்டப்படிப்பு படித்துவிட்டுப் பண்ணைக் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்கிறாள். நடேசன் ஒரு நிபந்தனையோடுதான் சொன்னார்.

"இதோட நாலு ஆச்சு வாத்தியாரே. இதுவும் தட்டுச்சுன்னா இனி நான் ரெண்டாந்தாரமா கேக்குற எடத்துக்குத்தான் கூட்டிட்டுப் போவேன். தையில பொண்ணு பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள மூஞ்சிய எதாச்சும் பண்ணுங்க."

அப்போது ஐப்பசி நடந்துகொண்டிருந்தது. இதை நான் வைத்தியலிங்கம் சாரிடம் போய்ச் சொன்னேன் பாருங்கள், அங்கேதான் விதி உட்கார்ந்திருந்தது.

அந்த வாரம்தான் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு முட்டைக்கோழிப் பண்ணைக்குப் போயிருந்தோம். முட்டைக்கோழி ஒன்றரை வருடத்தில் கிழவியாகிவிடும். முட்டை குறையும், ஓடு மெலியும், கொண்டை வெளுக்கும். அப்போது பண்ணைக்காரர்கள் ஒரு வேலை செய்வார்கள். தீனியை நிறுத்தி, கொட்டகையின் வெளிச்சத்தைக் குறைத்துவிடுவார்கள். கோழி இளைத்து, முட்டையை அடியோடு நிறுத்தி, இறகெல்லாம் உதிர்த்துவிடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி. புது இறகு முளைக்கும், கொண்டை சிவக்கும், மறுபடி முட்டை இடும். இதற்கு அவர்கள் சொல்வது 'மோல்டிங் போடறது'. பண்ணைக்காரர் எங்களிடம் ஒரு கொட்டகையைக் காட்டி, "எல்லாமே கெழவீங்க சார். இப்பப் பாருங்க, வயசுப்புள்ளையாட்டம் நிக்கிதுங்க" என்றார். சார் அந்தக் கோழிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டைப் பிடிக்கக்கூட மறந்துவிட்டார்.

மறுநாள் என்னைக் கரும்பலகை முன் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

"உடம்பு தேயுதுன்னு... ஒரு கொள்கை. லாரி மாதிரி. ஆனா லாரி தன்னைத்தானே... சரி பண்ணிக்காது. உடம்பு பண்ணிக்கும். வெட்டுக்காயம் ஆறுதில்ல? அப்ப ஏன்... ஒரு கட்டத்துல நிறுத்துது?"

"தெரியலை சார்."

"துருப்பிடிக்குதுன்னு ஒரு கொள்கை. கடிகாரம் வச்சிருக்குன்னு ஒரு கொள்கை. எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு. உடம்புகிட்ட இருக்கிற சரக்கு கொஞ்சம். அதை வச்சு ஒண்ணு குஞ்சு பொரிக்கலாம்... இல்லைன்னா தன்னைப் பழுது பார்க்கலாம். ரெண்டும் முழுசா முடியாது. அதனால இயற்கை... அடுத்த லாரிக்குப் பாடி கட்டப் போயிடுது. பழைய லாரி ரோட்டோரம் நிக்குது."

இதுவரை நல்ல பாடம். இன்றைக்கும் நான் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அடுத்துத்தான் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"கோழிக்கு முட்டையை நிறுத்தினாங்க. சரக்கு பழுது பார்க்கத் திரும்புச்சு. புது இறகு. குழந்தை... உனக்கு நரைமுடி உதிர்ந்து... கருமுடி வந்தா எப்படி இருக்கும்?"

"சார், நான் முட்டையே இடலையே சார்."

"அதனாலதான் உனக்கு இன்னும் சுலபம்."

ஒரு முதுகலைப் பட்டதாரி இதற்கு ஒப்புக்கொள்வானா என்று கேட்காதீர்கள். மூன்று இடம் தட்டிப்போன முதுகலைப் பட்டதாரி ஒப்புக்கொள்வான்.

திட்டம் துல்லியமாக இருந்தது. வெளிச்சக் குறைப்புக்கு ஆய்வகத்தின் பின்னாலிருந்த அருங்காட்சி அறை. ஜன்னலில் கறுப்புத் துணி. சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் நான் உள்ளே போய் உட்கார்ந்துவிட வேண்டும். துணைக்கு ஒரு பாடம் செய்த ஆந்தையும், பாட்டிலுக்குள் ஒரு இரட்டைத்தலை ஆட்டுக்குட்டியும். முதல் கட்டத்தில் தண்ணீர் மட்டும். பண்ணையில் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்துக்காகக் கிளிஞ்சல் வைப்பார்கள். அதற்குச் சார் ரொம்ப யோசித்து, "மனுஷனுக்குக் கிளிஞ்சல் ஆகாது, நீ வெற்றிலையில சுண்ணாம்பு தடவிப் போட்டுக்கோ" என்றார். வேலூர் வெற்றிலை ஒரு கவுளி வாங்கிக் கொடுத்தார். வெறும் வயிற்றில் வெற்றிலை போட்டுக்கொண்டு இரட்டைத்தலை ஆட்டுக்குட்டியோடு இருட்டில் உட்கார்ந்திருந்தவனை நீங்கள் பார்த்திருந்தால், பெண் கொடுப்பது இருக்கட்டும், போலீஸைக் கூப்பிட்டிருப்பீர்கள்.

எடை பார்க்க, மரவள்ளிக்கிழங்கு மண்டித் தராசு. மூட்டை நிறுக்கும் தட்டில் நான் குந்தி உட்கார, மண்டிக்காரர் கல்லைக் குறைத்துக்கொண்டே, "என்னுங்க சார், கெழங்கு நாளுக்கு நாள் காயுது?" என்று கேட்பார்.

வகுப்பு எடுப்பதுதான் கொடுமை. அந்த வாரம் எனக்கு விழுந்தது செரிமான மண்டலம். கரும்பலகையில் இரைப்பையை வரைந்தேன். நன்றாகவே வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளைகள் காதல் தோல்வி என்று முடிவு கட்டி, அந்தப் பருவம் முழுக்க என்னிடம் அன்பாக நடந்துகொண்டார்கள்.

பிறகு கம்பங்கூழ், அப்புறம் அரைச் சாப்பாடு, கடைசியில் விடுதிச் சாப்பாடு. சார் தினமும் என் தலையை இழுத்துப் பார்ப்பார். ஒரு முடி வரவில்லை. கார்த்திகை போனது, மார்கழி போனது. தலை நரைத்தது நரைத்தபடி கெட்டியாக நின்றது. "உன் உடம்பு ஒத்துழைக்கலை" என்று சார் வருத்தப்பட்டார். எனக்கு நிம்மதி. போன மானம் பட்டினியோடு போகட்டும்.

தை பிறந்தது. பொங்கலுக்கு மறுநாள் தலை துவட்டினேன். துண்டு பாதித் தலையோடு வந்தது.

தலையணையில் முடி, சாம்பாரில் முடி, விடைத்தாளில் முடி. பட்டினி கிடந்தால் முடி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும் என்று பிற்பாடு தோல் டாக்டர் ஒருவர் சொன்னார். அப்போது எங்களுக்கு அது தெரியாது. சாருக்குத் தெரிந்ததெல்லாம் கொள்கை வென்றுவிட்டது என்பதுதான்.

"உதிருது! குழந்தை... உதிருது!" என்றவர், உடனே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பதிலா நீ கொஞ்சம் சந்தோஷப்படு" என்றார். என் தலைமுடியைப் பாட்டிலில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டினார். இரட்டைத்தலை ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

பெண் பார்க்க நான்கு நாள் இருந்தது. நடேசன் என்னைப் பார்த்துவிட்டுத் திண்டாடிப்போனார். "மொட்டை போட்டுருங்க வாத்தியாரே, பழனி வேண்டுதல்னு சொல்லிக்கலாம்." நல்ல யோசனைதான். சார்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "மழிச்சா... புது முடி எங்க முளைக்குதுன்னு தெரியாது" என்றார். எனக்கும் இருந்த கொஞ்சத்தை விட மனசில்லை. ஆக, தலையில் அங்கங்கே தீவு தீவாக முடியோடு, காவிரி வாய்க்கால் ஓரத்து வீட்டுக்குப் போய் இறங்கினோம். பெரியவராகச் சாரும் வந்திருந்தார்.

அந்த வீட்டில் எல்லாமே மரியாதை. நாய்க்குக்கூட 'போங்க' என்றுதான் சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றியது. கேசரி வந்தது, வாழைக்காய் பஜ்ஜி வந்தது. பட்டினி கிடந்ததிலிருந்து எனக்குச் சாப்பாட்டைப் பார்த்தால் ஒரு வெறி. தலையை நிமிர்த்தாமல் தின்றேன். தலையை நிமிர்த்தாமல் தின்றால் எதிரே இருப்பவருக்கு எது நன்றாகத் தெரியும் என்பதை யோசிக்கவில்லை.

பெண் வந்து நின்றாள். தங்கமணி. தட்டை வைத்துவிட்டு என் தலையைப் பார்த்தாள். அவள் அப்பாவும் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, தலைக்கு என்னுங்க ஆச்சு? காச்சலுங்களா?"

நடேசன் என் தொடையைக் கிள்ளினார். வாய் நிறைய பஜ்ஜி. நான் விழுங்கி முடிப்பதற்குள் வைத்தியலிங்கம் சார் ஆரம்பித்துவிட்டார். விஞ்ஞானத்தில் பொய் சொல்லக் கூடாதாம். சரக்கு கொஞ்சம் என்பதிலிருந்து தொடங்கி, ஆந்தை, வெற்றிலை, கிழங்குத் தராசு வரைக்கும், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் இடம் விட்டு, முழுதும் சொன்னார். கேசரி ஆறிப்போனது.

"மோல்டிங் போட்டீங்களா?" என்றார் பெண்ணின் அப்பா. "மாப்ளைக்கா?"

"ஆமா."

அவர் முகம் சிவந்தது. "ஏனுங்க, கோழிப்பண்ணக்காரன் ஊடுன்னு நக்கல் பண்ண வந்தீங்களா? எம் புள்ளையப் பாக்க வந்தீங்களா, இல்ல எங்க தொழில கேலி பேச வந்தீங்களா?" அப்போதும் 'ங்க' மட்டும் விடவில்லை.

சார் என் பக்கம் சாய்ந்தார். "குழந்தை... அவருக்குக் கோபம் வருது. நமக்கும் கொஞ்சம் வந்தாத்தான் மரியாதை. நீ படு."

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது, அதுவும் என் சொந்த அழுகை. இதுதான் கடைசி இடம். எழுந்திருக்கலாம் என்று கையூன்றினேன்.

"நீ உள்ள போ சாமி" என்றார் அப்பா பெண்ணிடம்.

அவள் போகவில்லை. "சித்த இருங்கப்பா" என்றுவிட்டு, சாரைப் பார்த்து, பண்ணையில் வேலையாளிடம் விசாரிக்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"ஏனுங்க சார், மோல்டிங் போடறதுக்கு முன்னால கழிவு பிரிச்சீங்களா?"

"கழிவா?"

"ஆமாங்க. தேறாத கோழிய மொதல்ல பிரிச்சு வெளிய தள்ளிப்போட்டு, மிச்சத்துக்குத்தானுங்க மோல்டிங் போடுவாங்க. நீங்க என்னடான்னா, நேரா இவுங்களுக்கே போட்டுருக்கீங்க!"

பிறகு ஒரு சத்தம் கேட்டது. பம்புசெட் காற்று வாங்குவது போல. திரும்பினால் வைத்தியலிங்கம் சார். சிரிக்கிறார். நான் சேர்ந்ததிலிருந்து அவர் சிரித்துப் பார்த்ததில்லை; நகைச்சுவைக்கெல்லாம் நான்தான் அவருக்காகச் சிரித்துக்கொண்டிருந்தேன். தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய, மூச்சுக்குத் திணறித் திணறிச் சிரித்தார். நடுவில் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். முகம் வெளிறியது.

"போச்சு! நூத்திமுப்பது! குழந்தை, ஒரு மாசம் போச்சு... நிறுத்தச் சொல்லு அந்தப் பொண்ணை!"

அவள் நிறுத்தவில்லை. என் அருகில் வந்து, குனிந்து, வலது பக்கம் ஒரு தரம், இடது பக்கம் ஒரு தரம் பார்த்தாள். கோழியைத் தூக்குகிற மாதிரி என்னைத் தூக்கிப் பார்க்கவில்லையே தவிர, மற்றதெல்லாம் நடந்தது.

"கொண்டை வெளுத்துக் கெடக்குதுங்கப்பா. ஆனாக் கண்ணு தெளிவா இருக்குது. தீனி நல்லா எடுக்குது." தட்டைப் பார்த்தாள். ஒரு பஜ்ஜிகூட மிச்சமில்லை. "தேறிக்கும்."

அவள் அப்பாவும் சிரித்துவிட்டார். வைகாசியில் கல்யாணம்.

ஏன் என்னைக் கட்டிக்கொண்டாய் என்று பிற்பாடு கேட்டேன். "முன்னால வந்தவிங்க எல்லாம் எனக்குச் சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமான்னு கேட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் வாயத் தொறக்காம தின்னீங்க" என்றாள். இதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முடி முளைத்ததா என்று கவிதா கேட்பாள். முளைத்தது. கல்யாணத்துக்குள் தலை நிறைய வந்துவிட்டது. முழுக்க வெள்ளை. முன்னே இருந்த ஒன்றிரண்டு கறுப்பும் காணோம். சார் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத் தன் முடிவைச் சொன்னார்: "புதுசா வருது. ஆனா... இளசா வரலை." வயதாவதைப் பற்றி நான் கேட்ட கொள்கைகளில் பிழையில்லாதது இது ஒன்றுதான். பிற்பாடு என் வகுப்பில் வருடா வருடம் இதைச் சொல்லிவிட்டு என் தலையைத் தடவிக் காட்டுவேன்.

வைத்தியலிங்கம் சாருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. பனமரத்துப்பட்டியில் மகன் வீட்டில் இருக்கிறார். நேராக நடக்கிறார், கண்ணாடியில்லாமல் படிக்கிறார். எனக்குத்தான் இரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அவருக்காகப் பட்ட கோபமெல்லாம் என் கணக்கில்தான் ஏறியிருக்கிறது. ஆக, அவருடைய கொள்கை சரிதான் போல என்று தோன்றும். ஆனால் அவர் வீட்டுக்குப் போனால் அந்த எண்ணம் நிற்காது.

கவிதா கேட்டதற்குப் பிறகு, போன ஞாயிறு தங்கமணியோடு போயிருந்தேன். மலருக்கு எழுதப்போகிறேன் என்றேன். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நாற்காலியைத் தங்கமணி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அம்மா... அந்தக் கழிவு விஷயத்தை ஒரு தரம் சொல்லேன்."

"எத்தன தரமுங்க சார் சொல்றது? ஒவ்வொரு வாட்டியும் இதையே கேக்கறீங்க!"

"சொல்லும்மா."

"சரிங்க. மோல்டிங் போடறதுக்கு முன்னால தேறாத கோழியப் பிரிக்கோணுமுங்க சார். நீங்க பிரிக்கல. அதை நான் கட்டிக்கிட்டு முப்பது வருசமாத் தீனி போட்டுட்டு இருக்கறனுங்க. இன்னும் ஒரு முட்டைகூட இட்டபாடில்ல."

பம்புசெட் சத்தம் கிளம்பியது. உள்ளேயிருந்து மகன் பதறி ஓடி வந்தார். சார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். பழைய பழக்கத்தில் என் கை தானாகப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தது. அவர் சார்பில் நானும் சிரிக்கத் தயாரானேன்.

கையை வெடுக்கென்று உருவிக்கொண்டார்.

"விடுப்பா. எண்ணாத. இதை... நானே சிரிச்சுக்கறேன்."